ஜாடியில் எழுதிய பெயர்கள்

இப்போது எந்த ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்தாலும், திறப்பதற்கு முன்பே அது பேச ஆரம்பித்துவிடும். எந்த ஊர்த் திராட்சை, எந்த வருஷத்து அறுவடை, எந்தக் குடும்பம், மலைச்சரிவா சமவெளியா, மண் எப்படி, எத்தனை மாதம் பீப்பாயில் இருந்தது, எதோடு சேர்த்துக் குடித்தால் நல்லது என்று எல்லாம் இருக்கும். நாசிக்கில் 1999-ல் தொடங்கிய சுலா நிறுவனம் 2005-ல் தோட்டத்துக்குள்ளேயே சுவைக்கூடம் ஒன்றைத் திறந்தது. தொலைக்காட்சியில் மதுவுக்கு விளம்பரம் கூடாது என்ற நாட்டில் ஒயின்காரருக்கு மிஞ்சுவது கதைதான். தோட்டத்தைக் காட்டு, திராட்சையை மிதிக்கவிடு, ஊரைப் பற்றிப் பேசு, பாட்டிலை அவர்களே வாங்கிக்கொண்டு போவார்கள்.

தொழில்முறையில் நான் மென்பொருள்காரன். எங்கள் பாஷையில் இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். அதாவது சரக்கு இல்லை, சரக்கைப் பற்றிய தகவல். உலகத்தில் வேறு எந்தக் குடிபானமும் இவ்வளவு மெட்டாடேட்டாவைச் சுமந்துகொண்டு திரிவதில்லை. இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று தேடப்போனேன். தேடல் கடைசியில் எங்கள் தாமிரபரணிக் கரையில் வந்து நின்றது. அங்கே இருந்து பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ரோமாபுரிக்குப் போவோம்.

செஸ்டியஸ் போட்ட முத்திரை

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலில் ஒயின் போனது பாட்டிலில் அல்ல, ஆம்போரா என்ற மண்ஜாடியில். இரண்டு கைப்பிடி, நீண்ட கழுத்து, கீழே கூரான அடி. பெரிய ஜாடி ஒன்றில் ஏறக்குறைய 25 லிட்டர் பிடிக்கும். உள்ளே கசியாமல் இருக்கப் பிசின் பூசியிருப்பார்கள். இத்தாலியில் கோசா என்ற துறைமுகத்துப் பக்கம் செஸ்டியஸ் குடும்பத்தாரின் ஜாடிகள் செய்யப்பட்டன. ஈர மண்ணில் குடும்பப் பெயரின் சுருக்கத்தை அழுத்தி, பிறகு சுட்டார்கள். பிரான்சின் மர்சேய் நகருக்கு அருகில் கடலுக்குள் மூழ்கிக் கிடந்த சரக்கில் இந்த முத்திரையுள்ள ஜாடிகள் ஏராளமாகக் கிடைத்தன. கப்பல் மூழ்கினாலும் பெயர் அழியவில்லை.

முத்திரை ஒரு பக்கம் என்றால், மையால் எழுதிய குறிப்புகள் இன்னொரு பக்கம். பொம்பேயில் கிடைத்த ஜாடிகளில் மதுவின் பெயரும், அந்த ஆண்டில் பதவியில் இருந்த கான்சலின் பெயரும் இருக்கின்றன. அவர்களுக்கு ஆண்டுக் கணக்கே கான்சல் பெயரில்தான். கி.மு. 121-ல் ஒபிமியஸ் கான்சலாக இருந்தபோது அமோகமான திராட்சை விளைச்சல். அந்த ஆண்டு மதுவுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ 200 ஆண்டு கழித்து எழுதிய பிளினி, அந்த மது இன்னமும் மிச்சம் இருக்கிறது, தேன்போல இறுகிக் கசந்துவிட்டது என்கிறார். குடிக்க முடியாமல் போன பிறகும் கதை விலைபோயிருக்கிறது, பாருங்கள்!

பெயருக்கு மதிப்பு வந்தால் அதைப் பார்த்துச் செய்வதும் வந்துவிடும். கிரேக்கத் தீவான காஸின் மது கடல்நீர் கலந்து செய்யப்படுவது; அதற்குப் பெரிய பேர். இத்தாலிக்காரரான கேட்டோ, தம் வேளாண் நூலில், காஸ் மதுவை நம் தோட்டத்திலேயே எப்படிச் செய்வது என்று செய்முறை எழுதி வைத்திருக்கிறார்.

நம் கரையில் இறங்கிய ஜாடி

இந்த ஜாடிகள் நம் ஊருக்கும் வந்தன. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியது. அங்கே கிடைத்த ஆம்போரா ஓடுகளை எலிசபெத் வில் என்ற அறிஞர் ஒவ்வொன்றாக வகை பிரித்தார். காஸ் தீவு வகை ஜாடிகளும் இத்தாலியின் கம்பேனியா ஜாடிகளும் அதில் இருந்தன. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்திலும் ஆம்போரா ஓடுகள் கிடைத்தன.

முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேட்டில் சரக்குப் பட்டியலே இருக்கிறது. பரூச் துறைமுகத்துக்கு இத்தாலிய மது என்றால் உசத்தி, லவோதிக்கேயா மதுவும் அரேபிய மதுவும் அடுத்தபடி. முசிறிக்கு மது போகிறது, ஆனால் அதிகமில்லை. அதே கையேடு கொல்கை என்று சொல்வது நம் கொற்கையை. பாண்டியருடைய இடம், முத்துக்குளிக்கும் இடம், அந்த வேலையைத் தண்டனைக் கைதிகள் செய்கிறார்கள் என்று குறிப்பிடுகிறது.

புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தினமும் ஊட்ட, நீ மகிழ்ந்து வாழ்க என்பது கருத்து. கலம் என்றால் பாத்திரமும் உண்டு, கப்பலும் உண்டு. எப்படி எடுத்தாலும் ஒன்று தெளிவு. மது எங்கிருந்து வந்தது என்பது பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பாண்டியன் குடித்தது வெறும் தேறல் இல்லை, யவனர் தந்த தேறல். லேபிள் வேலை செய்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த சான்று எகிப்தில் கிடைத்தது. செங்கடல் ஓரத்துப் பெரனிகே துறைமுகத்தில் 1995-ல் ரோமானிய ஆம்போரா ஒன்றின் உடைந்த துண்டு வெளிப்பட்டது. அதில் கீறியிருந்தது லத்தீனோ கிரேக்கமோ அல்ல, தமிழி. ஐராவதம் மகாதேவன் அதைக் கொறபூமான் என்று வாசித்தார். கொற்றன் என்ற தலைவன் என்று பொருள். முதல் நூற்றாண்டில் ஒரு தமிழன் செங்கடல் கரையில் நின்று, ஒரு ரோமானிய ஜாடியில் தன் பெயரைக் கீறியிருக்கிறான்.

ஆக, திராட்சை மதுவைச் சுற்றி எத்தனை பெயர்கள்! ஜாடி செய்தவர் பெயர், மதுவின் பெயர், ஆண்டின் பெயர், கொண்டுவந்தவர் பெயர், குடித்த ராஜாவின் பெயர், ஜாடியை வைத்திருந்த கொற்றனின் பெயர்.

கொற்கைக்காரர் என்ன குடித்தார்கள்?

ராஜா யவனர் மது குடித்தார், சரி. அவருக்கு முத்து எடுத்துக் கொடுத்த ஆட்கள்? அதற்கும் பதில் இருக்கிறது. மதுரைக்காஞ்சி கொற்கையைச் சொல்லும்போது முத்து, சங்கு, கள் மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. அங்கே குடியிருப்புகளில் கள்ளே உணவு மாதிரி.

இன்றைக்குக் கொற்கை தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1986 வரை அது திருநெல்வேலி மாவட்டம்தான். கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. ஆற்றுப் பாசனம் எட்டும் வரை வயலும் வாழையும் வெற்றிலையும். எட்டாத இடத்தில் தேரி, செம்மணல், பனை. பள்ளத்தாக்கின் இரண்டு முகம் அது.

சங்கப் பாட்டுகளில் குடிபானத்துக்குப் பெயர் பஞ்சமே இல்லை. கள், தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி என்று போகும். தோப்பி அரிசியில் வீட்டிலேயே வடிப்பது. மண்ணில் புதைத்துப் பழுக்கவைத்த மதுவைக் கபிலர் பாடுகிறார். திருமுருகாற்றுப்படையில் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்மது வருகிறது. ஆகவே ஊறவைக்கத் தெரியாமல் இல்லை, சுவை பார்க்கத் தெரியாமலும் இல்லை. எழுதத் தெரியாமலா? கொற்கையிலேயே தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குடித்தவரைப் பற்றியும் கொடுத்தவரைப் பற்றியும் பாட்டு உண்டு. வடித்தவன் இன்னார் என்ற பெயரை மட்டும் காணோம்.

ஏன்? ஒரு காரணம் பனைமரத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு விரல் சுண்ணாம்பு

திராட்சை மது வருஷக்கணக்கில் தாங்கும். கப்பலேறும். முன்பின் தெரியாதவன் கைக்குப் போகும். போகிற இடத்தில் செய்தவன் கூட இருக்கமாட்டான், அதனால் அவனுக்குப் பதிலாக எழுத்து பேச வேண்டும். பனங்கள் அப்படியில்லை. பாளையைச் சீவி, கலயம் கட்டி, சொட்டுச் சொட்டாக இறங்கும்போதே புளிக்க ஆரம்பித்துவிடும். காலையில் இனிப்பு, சாயங்காலம் போதை, விட்டுவைத்தால் காடி. அது கப்பல் ஏறாது, அடுத்த ஊருக்குப் போவதே பெரிய காரியம். குடிக்கிறவனுக்கு ஏறினவனைத் தெரியும், மரத்தையும் தெரியும். பிறகு லேபிள் எதற்கு?

ஆனால் அறிவு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஆண் மரம் அலகுப் பனை, பெண் மரம் பருவப் பனை. ரெண்டுக்கும் பாளையைப் பக்குவம் பண்ணும் விதம் வேறு. காலிலே தளைநார், இடுப்பிலே அரிவாள்பெட்டி, காலையும் மாலையும் ஏற்றம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு நின்று பதநீர். தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே ஆள், ஒரே பாளை. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. இதைவிடச் சுருக்கமான, கச்சிதமான நொதித்தல் கட்டுப்பாட்டை நான் எந்த ஒயின் புத்தகத்திலும் படித்ததில்லை.

பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. இங்கேதான் என் ஊகத்துக்கு வலு கிடைக்கிறது. கருப்பட்டி கெடாது, பயணம் போகும். உடனே அதற்கு ஊர்ப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. உடன்குடிக் கருப்பட்டி என்றால் சென்னையில்கூடத் தெரியும். புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதே மரத்தின் கள்ளுக்கு அப்படி ஒரு ஊர்ப்பெயர் நிலைக்கவில்லை. தாங்கும் பொருளுக்குப் பெயர் கிடைக்கிறது.

மற்றவர்கள் எழுதிய கதை

செய்தவன் தன் கதையைச் சொல்லாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறு யாராவது வந்து எழுதுவார்கள். திருநெல்வேலியில் அதுதான் நடந்தது.

1841-ல் இடையன்குடிக்கு வந்த ராபர்ட் கால்டுவெல், பனையேறும் சமூகத்தைப் பற்றி 1849-ல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். பனைத்தொழிலைப் பற்றிக் கவனமாகப் பார்த்து எழுதியது அதில் நிறைய உண்டு. ஆனால் அந்த மக்களை அவர் வர்ணித்த விதம் அவர்களைக் கொதிக்க வைத்தது. மிஷனோடு முரண்பட்ட சட்டாம்பிள்ளை 1857-ல் நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்தில் தனித் திருச்சபையே கண்டார். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இந்தப் புத்தகமும் உண்டு. நம்மைப் பற்றி இன்னொருவன் எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அடுத்து எழுதியது அரசாங்கம். 1886-ல் சென்னை ஆப்காரிச் சட்டம். அதிலிருந்து கள் என்றால் குத்தகை, உரிமம், வரி. 1937-ல் மதுவிலக்குச் சட்டம் வந்தது, முதலில் சேலத்தில். 1948-ல் மாகாணம் முழுக்க. 1971-ல் விலக்கை நிறுத்திவைத்தார்கள், 1974-ல் மீண்டும் கொண்டுவந்தார்கள். கடைசியாக 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை, இன்றுவரை தொடர்கிறது. 1983-ல் உருவான டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் போனால் கள்ளுக்கடைக்குச் சட்டப்படி பெயர்ப்பலகை உண்டு. மலைக்கு இந்தப் பக்கம் அதே கள் குற்றம்.

கள்ளைத் திறக்கலாமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. குடியால் கெட்ட குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். என் கவலை வேறு. ஆப்காரிப் பதிவேட்டில் மரக் கணக்கு இருக்கும், வசூல் இருக்கும், அபராதம் இருக்கும். எந்த விளையின் மரம் தித்திப்பு, எந்த மாதத்துப் பதநீர் கனம், தேரிப் பனைக்கும் ஆற்றோரப் பனைக்கும் ருசியில் என்ன வித்தியாசம் என்பது இருக்காது. ஒயின்காரர் பாட்டிலின் பின்பக்கம் அச்சடிப்பது அத்தனையும் பனையேறிக்கும் தெரியும். அது பூராவும் வாய்வழி அறிவு. மாநில மரம் என்று பனைக்குப் பட்டம் கொடுத்திருக்கிறோம். ஏறும் ஆட்களோ வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் பேக்கப் எடுக்காத சர்வரை அணைக்கிற மாதிரி இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் மண், தண்ணீர், பருவம், பயிரிடும் முறை, வரலாறு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். செஸ்டியஸ் ஈர மண்ணில் முத்திரை அழுத்தியதும் இதுவும் ஒரே வேலைதான். இது இன்னாருடையது, இந்த இடத்தில் விளைந்தது என்று சொல்வது.

பதநீருக்கும் அதைச் செய்யலாம், இப்போதே செய்யலாம். அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பனையேறிய தாத்தா ஒருவர் இருந்தால், போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். எத்தனை மரம் ஏறினீங்க, எந்த மரத்துக்கு என்ன பெயர் வச்சிருந்தீங்க, சுண்ணாம்பு எவ்வளவு தடவுவீங்க, நல்ல பதநீரை எப்படிக் கண்டுபிடிப்பீங்க என்று கேளுங்கள். முக்கியமாக, அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் மேலே எழுதிவையுங்கள். கொற்றன் ஜாடியில் கீறியது அவ்வளவுதான், ஒரு பெயர். ஈராயிரம் வருஷம் கழித்தும் அவனை நமக்குத் தெரிகிறது.