மண்ணுக்குத் திரும்பும் பிளாத்திக்கு

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என இறைவனுடைய தொழில்களை ஐந்தாக வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் அழித்தல் என்பது ஒறுத்தலன்று. பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இளைப்பாறுதல் கொடுத்தலேயாம் என்பது சைவசித்தாந்தக் கொள்கை. இயற்கையிலே தோன்றும் பொருள்கள் யாவும் இவ்வொழுங்கிற்கு அமைந்தவை. உதிர்ந்த இலை உக்கி உரமாகிறது. உரம் மீண்டும் இலையாகிறது. மனிதன் செய்த பொருள்களுள் இவ்வொழுங்கிற்கு அமையாது நிற்பது பிளாத்திக்கு. அதனைப் படைத்தோம், அழிக்க வகையறியாது தவிக்கின்றோம்.

வகையறியாது தவிக்கின்றோம் என்றோம். அஃது முற்றும் உண்மையா? சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு செய்தி தெரிகிறது. மண்ணிலே தானாக உக்கிப்போகும் பிளாத்திக்கு ஒன்றை விஞ்ஞானிகள் அறிந்து ஏறக்குறைய நூறாண்டு ஆகிறது. இன்று வீதியெங்கும் பறக்கும் பொலித்தீன் பிறப்பதற்கு முன்னரே அது கண்டறியப்பட்டது. அதனைச் செய்தவன் மனிதனுமல்லன். கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியா. இவ்வறிவு ஏன் இத்துணைக் காலம் பயன்படாது கிடந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

பாரிசு நகரிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவாஞ் என்னும் அறிஞர் இருந்தார். அக்காலத்தில் பசிலசு மெகற்றீரியம் என்று பெயர் பெற்றிருந்த மண்வாழ் பற்றீரியாவை அவர் ஆராய்ந்து வந்தார். அப்பற்றீரியாக்களை நீரில் இட்டு வைத்தபோது, அவை சிதைய, நீர் அமிலத்தன்மை அடைவதைக் கண்டார். அந்த அமிலம் எங்கிருந்து வந்தது என்று தேடினார். அது ஐதரொட்சிபியூற்றிரிக்கமிலம் என 1925 ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. 1926 ஆம் ஆண்டிலே அவர் மேலும் ஒரு படி சென்று, பற்றீரியாவின் உடலில் அவ்வமிலம் தனித்தனியாக இருப்பதில்லை, சங்கிலியிற் கண்ணிகள் போல ஒன்றோடொன்று கோக்கப்பட்ட பெரும் பொருளாகவே இருக்கிறது என அறிவித்தார். பொலி ஐதரொட்சிபியூற்றிரேற்று என்பது அதன் பெயர். பி.எச்.பி. எனச் சுருக்கி வழங்குவர். சூடேற்றினால் உருகி, ஆறினால் இறுகி, வேண்டிய வடிவங் கொள்ளவல்ல உண்மையான பிளாத்திக்கு அது.

அறிஞர் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. மிகப்பெரிய மூலக்கூறுகள் உண்டு என்று யேர்மனிய அறிஞர் ஸ்ரோடிங்கர் 1920 இல் எழுதியதையே அன்று பலர் ஏற்க மறுத்தனர். லெமுவாஞ்சின் கட்டுரைகளோ பிரெஞ்சு மொழியில் வெளிவந்தவை. ஆங்கில உலகிலே அவற்றை வாசித்தவர் சிலரே. இந்நிலையில் 1933 ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் உள்ள வின்னிங்ரன் என்னுமிடத்தில், இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்றீஸ் என்னும் கொம்பனியின் ஆய்வுகூடத்தில், எதிர்பாராத விதமாகப் பொலித்தீன் கிடைத்தது. எண்ணெயிலிருந்து மலிவாகச் செய்யக்கூடிய அப்பொருள் உலகை வென்றது. இக்கொம்பனியின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நன்று. நமது கதையில் அது மீண்டும் வரும்.

பற்றீரியா இதனை ஏன் செய்கிறது? 1958 ஆம் ஆண்டில் எடின்பரோவிலே மக்ரே, வில்கின்சன் என்னும் இருவர் இதற்கு விடை கண்டனர். உண்பதற்கு வெல்லப்பொருள் மிகுதியாகவும், உடல் வளர வேண்டிய நைதரசன் குறைவாகவும் இருக்குங் காலத்தில் பற்றீரியா இப்பொருளைச் சிறு மணிகளாகத் தன் உடலுட் சேர்க்கிறது. உணவு அற்ற காலத்தில் அம்மணிகளையே கரைத்து உண்டு உயிர் வாழ்கிறது. விளைந்த காலத்தில் நெல்லைக் கட்டிவைத்துப் பஞ்ச காலத்தில் அவித்துண்ணும் கமக்காரனின் செயலும் இதுவே. தக்க முறையில் வளர்த்தால், சில பற்றீரியாக்களின் உலர்ந்த நிறையில் நூற்றுக்கு எண்பது பங்குவரை இம்மணிகளே நிறைந்திருக்கும்.

இப்பொருள் உக்குவதற்கான காரணமும் இதனுள்ளேயே அடங்கியுள்ளது. உணவாகப் பிறந்த பொருளாதலால் அதனை உண்ணுவதற்கு உரிய நொதியங்கள் இயற்கையில் முன்னரே உள்ளன. மண்ணிலும் கடலிலும் வாழும் பல நுண்ணங்கிகள் அதனைச் சிதைத்து உண்கின்றன. காற்றுள்ள இடத்தில் இறுதியாக எஞ்சுவன காபனீரொட்சைட்டும் நீருமேயாம். பொலித்தீனுக்கோ இத்தகைய உறவினர் இயற்கையில் அரியர்.

இனி, இதனைக் கைத்தொழிலாக்க முயன்றோர் கதையைக் காண்போம். முதல் முயற்சி அமெரிக்காவிலே கிரேஸ் என்னும் கொம்பனியுடையது. 1960 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அது ஆக்கவுரிமைகள் பெற்றுச் சிறிதளவு உற்பத்தியுஞ் செய்தது. விளைவு குறைவு, பற்றீரியாவின் உடலிலிருந்து மணிகளைப் பிரிக்கும் கரைப்பான்களின் செலவோ அதிகம். ஆகவே முயற்சி கைவிடப்பட்டது.

1973 ஆம் ஆண்டில் எண்ணெய் விலை திடீரென ஏறியது. அப்பொழுது இதனை மீண்டும் நினைத்தது எது? பொலித்தீனைப் பெற்றெடுத்த அதே இம்பீரியல் கெமிக்கல் கொம்பனியே. வெறும் பி.எச்.பி. எளிதில் முறியும் இயல்புடையது. பற்றீரியாவிற்கு ஊட்டும் குளூக்கோசுடன் புரோப்பியோனிக்கமிலத்தையுஞ் சேர்த்து ஊட்டினால் அது செய்யும் சங்கிலியில் வேறொரு கண்ணியும் கலந்து, பொருள் வளைந்து கொடுக்கும் உறுதி பெறுகிறது என அங்குள்ளோர் கண்டனர். பயோபொல் என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1990 இல் யேர்மனியிலே வெல்லா கொம்பனியின் ஷாம்புப் போத்தல் இப்பொருளாற் செய்யப்பட்டது. ஆயினும் எண்ணெய் விலை முன்னரே இறங்கிவிட்டது. பயோபொல் விலையோ சாதாரண பிளாத்திக்கின் விலையிலும் பல மடங்கு. 1996 இல் அது மொன்சான்ரோ கொம்பனியின் கைக்கு மாறியது. அக்கொம்பனியுஞ் சில ஆண்டுகளுள் அதனைக் கைவிட்டது.

மூன்றாம் முயற்சி மிகப் பெரியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிளின்ரன் நகரில், சோளத்திலிருந்து பெறும் வெல்லத்தைக் கொண்டு ஆண்டுக்கு 50,000 தொன் உற்பத்தி செய்யவல்ல ஆலை எழுந்தது. மெற்றாபொலிக்ஸ் என்னும் கொம்பனியின் கூட்டாளி 2012 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலகிக்கொள்ள, அதுவும் நின்றது. யப்பான், சீனா முதலிய நாடுகளில் இக்குலத்துப் பிளாத்திக்குகள் இன்று செய்யப்படுகின்றன. எனினும் ஆண்டுக்கு 40 கோடி தொன்னுக்கு மேற்பட்ட உலகப் பிளாத்திக்கு உற்பத்தியில் அவற்றின் பங்கு மிகச் சிறிது.

மூன்று முயற்சியிலும் தோற்றது விஞ்ஞானமன்று. பொருள் நல்லதே, விலைதான் கூடியது. ஆனால் விலை என்பது யாது? பொலித்தீன் பையின் விலை கடையில் விற்பதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் அது வாய்க்காலை அடைப்பதும், மாட்டின் வயிற்றில் தங்குவதும், கடலிற் சேர்வதும் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. 2021 ஆம் ஆண்டிலே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி அமிழ்ந்தபோது, 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாத்திக்கு மணிகள் நம் கடலிற் சிந்தின. கரையெல்லாம் பனிபோல அவை ஒதுங்கியதையும், மீனவர் தொழிலிழந்து நின்றதையும் நாம் மறக்கவில்லை. அவ்விழப்பையும் விலையோடு சேர்த்தெண்ணினால் எது மலிவு, எது அருமை என்பது வேறு விதமாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உக்கும் என்று எழுதி விற்கப்படுவன யாவும் ஒரே தன்மையுடையனவல்ல. பொலிலக்ரிக்கமிலம் என்னும் பிளாத்திக்கிற்கு வேண்டிய இலக்ரிக்கமிலத்தைப் பற்றீரியா செய்கிறது; அதனைச் சங்கிலியாகக் கோப்பது ஆலையே. ஏறக்குறைய 60 பாகை வெப்பமுள்ள பசளைக் குவியலிலே அது நன்கு உக்கும். கடலிலே எளிதில் உக்காது. பி.எச்.பி. தானும் தடித்த பொருளாயின் உக்குவதற்கு நெடுங்காலம் எடுக்கும். ஆகவே, உக்கும் பொருள் என்பது கண்ட இடத்தில் எறிவதற்கு உரிமைச்சீட்டாகாது.

நம் நாட்டில் 2017 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் முதலாம் திகதி, சோறு கட்டும் பொலித்தீன் தாளுக்கு அரசு தடை விதித்தது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். வாங்குவோர் மனத்தை மாற்றவேண்டியவர்கள் நம் போன்றோரே. திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் செம்பும் குவளையும் வைப்பதற்கும், அன்னதானத்தை வாழையிலையில் இடுவதற்கும் எந்த ஆய்வுகூடமும் வேண்டியதில்லை. பாத்திரங் கழுவும் கைகளே வேண்டும். அக்கைகள் வாலிபர் கைகளாக இருக்கட்டும். நம்முள் விஞ்ஞானம் கற்போர் பற்றீரியாவின் பொருளை மலிவாகச் செய்யும் வழியை ஆராயட்டும். வாணிகம் கற்போர் எறிந்த பின் வரும் செலவையும் கணக்கில் எழுதப் பழகட்டும். லெமுவாஞ் கண்ட உண்மை நூறாண்டு காத்திருந்தது போதும்.