ராத்திரிச் சாப்பாட்டில் சொன்ன ஒரு வாக்கியம்

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற சண்டை நமக்கெல்லாம் பழகினதுதான். நான் சொல்லவந்தது அது இல்லை. எல்லாம் தெரிந்த கடவுள் என்ற நினைப்பே முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் நிற்குமா என்று ஒரு சண்டை நடந்தது. இதில் ஆத்திகர் ஒரு பக்கம், நாத்திகர் ஒரு பக்கம் நின்றிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லைங்க, ரெண்டு பக்கமும் பழுத்த பக்திமான்கள். வேலை, மானம், மதத் தலைமையின் கண்டனம் என்று எல்லாமே அதில் வந்து சேர்ந்தது.

இடம் லூவேன். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகம் 1425-ல் தொடங்கியது. அந்தக் காலத்துப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் எடுத்துப்போட்டு எல்லார் முன்னாலும் வாதிப்பார்கள். 1465 டிசம்பரில் அப்படி ஒரு விவாதத்தில் பீட்டர் டி ரிவோ என்ற ஆசிரியரிடம் ஒரு கேள்வி வந்தது.

கேள்விக்குப் பின்னால் உள்ள கதை தெரிந்திருக்கும். நாலு சுவிசேஷத்திலும் வருகிறது. கடைசி ராத்திரிச் சாப்பாட்டின்போது இயேசு தன் சீடர் பேதுருவிடம், சேவல் கூவுவதற்குள் நீ என்னை மூன்று தடவை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுவாய் என்கிறார். மாட்டவே மாட்டேன் என்கிறார் பேதுரு. விடிவதற்குள் மூன்று தடவை சொல்லிவிடுகிறார், சேவல் கூவுகிறது, மனுஷன் வெளியே போய் அழுகிறார்.

ரிவோவிடம் வந்த கேள்வி இதுதான்: இயேசு அப்படிச் சொன்ன பிறகு, மறுதலிக்காமல் இருப்பது பேதுருவின் கையில் இருந்ததா?

'இருந்தது' என்று சொன்னால், இயேசு சொன்னது பொய்யாகப் போயிருக்கலாம் என்று ஆகும். 'இல்லை' என்றால், அந்த ஆளுக்கு வேறு வழியே இல்லை. அப்புறம் எதற்கு அழுதார்? அதை எப்படிப் பாவம் என்பது? எந்தப் பக்கம் போனாலும் முட்டுது.

இதற்கு ஒரு பழைய பதில் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் போயீதியஸ் என்ற ரோமானியப் பிரமுகர், மன்னர் தியோடரிக்கின் கோபத்துக்கு ஆளாகி, சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்தபோது எழுதியது. கடவுள் முன்கூட்டிப் பார்ப்பதில்லை, காலத்துக்கு வெளியே இருந்துகொண்டு நேற்று, இன்று, நாளை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கிறார். ஒருத்தர் நடந்துபோவதை நான் பார்க்கிறேன் என்பதற்காக என் பார்வையா அவரை நடக்க வைக்கிறது? இதுதான் அவர் வாதம்.

அழகான பதில். எனக்கும் ரொம்ப நாள் இது போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் லூவேன் கேள்வியில் ஒரு குசும்பு இருக்கிறது, கவனித்தீர்களா? கடவுள் காலத்துக்கு வெளியே இருந்து எதையும் பார்க்கட்டும். ஆனால் அந்த வாக்கியம் மேஜையில், பேதுருவின் காதுபட, ஒரு வியாழக்கிழமை ராத்திரி சொல்லப்பட்டுவிட்டது. அது காலத்துக்குள் வந்து விழுந்த வாக்கியம். சேவல் கூவும் நேரத்தில் அது கடந்த காலம். கடந்த காலத்தை மாற்ற யாராலும் முடியாது. வெறுமனே 'கடவுளுக்குத் தெரியும்' என்று கேட்காமல் 'கடவுள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்' என்று கேட்டதில்தான் போயீதியஸ் தடுமாறுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

ரிவோ அரிஸ்டாட்டிலிடம் போனார். 'நாளை கடற்போர் நடக்கும்' என்ற வாக்கியம் இன்று மெய்யா, பொய்யா? இன்றே மெய் என்றால் தளபதிகள் உட்கார்ந்து ஆலோசிப்பது வீண். ஆகவே நடக்கவும் கூடும், நடக்காமலும் போகக்கூடும் என்ற காரியங்களைப் பற்றிய வருங்கால வாக்கியம் இன்றைக்கு மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. அரிஸ்டாட்டில் எழுதினதை ரிவோ இப்படித்தான் படித்தார். அந்த ராத்திரி வாக்கியத்துக்கும் இதே நியாயம்தான் என்றார்.

அப்போ கடவுளுக்குத் தெரியாதா? ரிவோ அப்படிச் சொல்லவே இல்லை. கடவுளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அந்த அறிவு காரியத்துக்கு 'முன்னால்' வருகிற ஒன்று இல்லை, ஆகவே அது வருங்கால வாக்கியத்தை இன்றே மெய்யாக்கிவிடாது என்றார். இந்த யோசனை பதினாலாம் நூற்றாண்டு பிரான்ஸிஸ்கன் துறவி பீட்டர் ஆரியோலிடமிருந்து வந்தது. (ஆமாம், இவரும் ஒரு பீட்டர். இந்தக் கதையில் யாரைத் தொட்டாலும் பீட்டர்தான் :-))

பேதுருவின் சுதந்திரம் பிழைத்தது. ஆனால் அதற்குக் கொடுக்கவேண்டிய விலையைக் கண்டுபிடித்தவர் அதே பல்கலைக்கழகத்து இறையியல்காரர், சோமெரன் ஊர் ஹென்றி. கிறிஸ்தவர்களின் விசுவாச அறிக்கையிலேயே ஒரு வருங்கால வாக்கியம் இருக்கிறது. அவர் திரும்ப வந்து உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் நியாயந்தீர்ப்பார் என்பது. ரிவோ சொல்வதுபோல் வருங்கால வாக்கியம் எதுவும் இன்று மெய் இல்லை என்றால், கோவிலில் ஜனங்கள் எழுந்து நின்று சொல்வது இன்றைக்கு மெய் இல்லை! தீர்க்கதரிசிகள் சொன்னதெல்லாம்? கன்னி மரியாளிடம் சொல்லப்பட்டது? சும்மா தர்க்கப் பயிற்சியாக ஆரம்பித்தது எங்கே வந்து நிற்குது பாருங்க.

சண்டை வருஷக்கணக்கில் இழுத்தது. ஹென்றிக்கு ரோமில் கார்டினல் பெஸ்ஸாரியனின் பழக்கம் உண்டு. விவகாரம் அவர்வரை போனது. அந்தச் சமயத்தில் ஹென்றி பக்கம் நின்று ஒரு நூல் எழுதியவர் பிரான்செஸ்கோ டெல்லா ரோவெரே. இவர்தான் 1471-ல் நாலாம் சிக்ஸ்டஸ் என்ற பெயரில் போப் ஆனார். சிஸ்டைன் சேப்பல் கட்டின அதே சிக்ஸ்டஸ். வழக்கில் ஒரு பக்கம் எழுதினவரே நீதிபதி ஆசனத்தில்! ரிவோவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஹென்றி 1472-ல் இறந்துபோனார். ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. ரிவோ 1473-ல் ரோமில் தன் கருத்தை வாபஸ் வாங்கினார். 1474 ஜனவரியில் போப்பின் ஆணை அவருடைய ஐந்து வாக்கியங்களைக் கண்டித்தது. அதோடும் விடவில்லை, 1476-ல் இன்னொரு தடவை வாபஸ். தன் பெயர்கொண்ட சீடர் மூன்று தடவை மறுத்ததைப் பற்றி வாயைத் திறந்த மனுஷன், தான் சொன்னதையே இரண்டு தடவை மறுக்கவேண்டி வந்தது.

கண்டிக்கப்பட்ட ஐந்தில் ஒன்றைப் படித்தபோதுதான் எனக்கு ரிவோ மேல் மரியாதை கூடியது. சுருக்கமாகச் சொன்னால், ரெண்டில் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள் என்கிறார்: வருங்காலம் பற்றிய விசுவாச வாக்கியங்களுக்கு இப்போது மெய்த்தன்மை இல்லை, அல்லது அவை சொல்லும் காரியங்களைக் கடவுளாலும் தடுக்க முடியாது. பேதுருவின் கையை மட்டுமில்லை, கடவுளின் கையையும் அந்த வாக்கியம் கட்டிப்போடுகிறது! எல்லாம் தெரிந்தவர், தான் சொன்னதை மாற்ற முடியுமா? முடியும் என்றால் தெரிந்தது தெரிந்ததே இல்லை. முடியாது என்றால் எல்லாம் வல்லவர் எப்படி?

ரோம் இதைச் சொல்லக்கூடாது என்றது. ஆனால் கண்டனம் வேறு, பதில் வேறு. வருங்கால வாக்கியம் இன்றே மெய்யாகவும் இருக்கவேண்டும், பேதுருவும் சுதந்திரமாக இருக்கவேண்டும், எப்படி என்பதற்கு அந்தக் கண்டனப் பட்டியலில் விளக்கம் கிடையாது. நியாயமாகச் சொன்னால் ரிவோவும் தப்பிக்கவில்லை. மெய்யும் இல்லாத பொய்யும் இல்லாத ஒன்றைக் கடவுள் 'அறிந்திருக்கிறார்' என்றால் அங்கே அறிவது எதை? எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. 1920-ல் போலந்துக்காரர் யான் வூக்காசியேவிச், மெய், பொய் தவிர மூன்றாவதாக ஒரு மதிப்பும் உள்ள தர்க்கத்தைக் கட்டி வெளியிட்டார். தூண்டுதல் அதே அரிஸ்டாட்டிலின் கடற்போர். ரிவோ வாபஸ் வாங்கின சமாச்சாரம் கணிதமாகவே வந்துவிட்டது. 1965-ல் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் நெல்சன் பைக் பழைய கேள்வியை மறுபடி எழுப்பினார். சேவலும் இல்லை, சீடரும் இல்லை. அவர் உதாரணத்தில் ஜோன்ஸ் என்று ஒருவர் சனிக்கிழமை மத்தியானம் தன் வீட்டுப் புல்வெளியை வெட்டுகிறார். எண்பது வருஷத்துக்கு முன்பே கடவுளுக்கு அது தெரியும் என்றால், அன்றைக்கு வெட்டாமல் இருப்பது ஜோன்ஸ் கையில் இருந்ததா?

லூவேனில் கேட்டதிலிருந்து சரியாக ஐந்நூறு வருஷம்.