இஸ்லாமிய வங்கிகளில் மின்னணு வரிசை முறை

வட்டியைத் தவிர்த்து இயங்கும் வங்கிகளில், வாடிக்கையாளருக்கு டோக்கன் எண் தந்து, வந்த வேலைக்கு ஏற்பக் கவுன்டருக்கு அழைக்கும் ஏற்பாடு. வாசலில் உள்ள பொறியிலோ கைபேசிச் செயலியிலோ வேலையின் வகையைத் தேர்ந்தெடுத்தால் எண் கிடைக்கும். இதுவரை எல்லா வங்கிகளுக்கும் பொதுவானதே.

வேறுபாடு கவுன்டரில் தொடங்குகிறது. முராபஹா ஒப்பந்தத்தில் வங்கி பணத்தைக் கடனாகத் தருவதில்லை. பொருளை வாங்கித் தன் உடைமையாக்கிய பின், அடக்கவிலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி வாடிக்கையாளருக்குத் தவணையில் விற்கிறது. வங்கியின் கொள்முதல் முதலில், வாடிக்கையாளருக்கான விற்பனை பிறகு. இந்த வரிசை புரண்டால் இஸ்லாமியச் சட்டமான ஷரீஆவின் நோக்கில் ஒப்பந்தம் செல்லாது. ஆக, டோக்கன் வரிசைக்குள் இன்னொரு வரிசை. அதைப் புதியவருக்கு விளக்க நேரம் பிடிக்கும். பணம் கட்ட வந்தவரை அவருக்குப் பின்னால் காக்க வைப்பது நியாயமல்ல என்பதால் இருவருக்கும் தனித்தனி எண்வரிசை தேவைப்படுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மலேசியாவில் பேங்க் இஸ்லாம் 1983இல் தொடங்கியது. அங்கே 2009இல் வந்த பூர்சா சூக் அல்-சிலா மின்தளத்தில், முராபஹாவுக்காகப் பாமாயில் போன்ற சரக்குகளை வாங்கி விற்கும் படிகள் கணினியிலேயே நடந்தேறுகின்றன. இலங்கையின் முதல் முழுமையான இஸ்லாமிய வங்கியான அமானா வங்கி 2011இல் செயல்படத் தொடங்கியது.