இறாலோடு வந்த வித்தவுட் பயணிகள்

கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது வெளிநாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. மீனோடு கடலிலிருந்து எடுத்த ஓட்டைக் கல்லையும் அழகுக்காக உள்ளே வைப்பார்களாம். அந்த ஓட்டைகளுக்குள் முள் புழு, நண்டு, கடற்சாமந்தி என்று அழைக்காத விருந்தாளிகள் ஒளிந்து வரும். ஒரு மாதம் கழித்து ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும், மீன் ஏன் குறைகிறது என்று. நம் நாட்டில் பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தக் கல்லைத் தொட்டால் வழக்குதான்.

ஆனால் டிக்கெட் எடுக்காமல் ஏறி வந்த பயணிகளால் நம் மாவட்டமும் பட்டிருக்கிறது. நம் தொட்டி கண்ணாடியால் ஆனதல்ல. ஏக்கர் கணக்கில் மண்ணில் வெட்டிய இறால் குட்டை.

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. 1974 ஜனவரியில் மாவட்டம் அமைந்தபோது தஞ்சாவூரிலிருந்து பிரிந்து வந்த அறந்தாங்கிப் பகுதியோடுதான் நமக்குக் கடலும் வந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று சுமார் 40 கி.மீ. நீளம். கரையோர நிலம் பெரும்பாலும் உவர். எதுவும் சரியாக விளையாத அந்த மண்ணுக்கு 1990களின் தொடக்கத்தில் திடீரென்று மவுசு வந்தது. காரணம் புலி இறால். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி, நாலைந்து மாதத்தில் அறுவடை, கையில் ரொக்கம்.

நான் அப்போது வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். நெல்லுக்குக் கடன் கேட்டு வந்தவர் கூச்சத்தோடு உட்காருவார். இறாலுக்குக் கேட்டு வந்தவரின் நடையே வேறு மாதிரி இருக்கும்.

புலி இறாலில் ஒரு சிக்கல் உண்டு. அதைக் குட்டையிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் குஞ்சு எடுக்கும் வித்தை அன்று கைக்கு வரவில்லை. முட்டையிடும் தாய் இறாலைக் கடலில்தான் பிடிக்க வேண்டும். அதை ஹேச்சரியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் பண்ணைக்குக் கொண்டுவருவார்கள். பையில் குஞ்சுகள் துடிப்பாக ஓடுகின்றனவா என்று பார்ப்பதுதான் அன்றைய சோதனை. வேறென்ன ஏறி வந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. அந்த வைரஸின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு.

1990களின் தொடக்கத்தில் சீனா, தைவான் பண்ணைகளில் அது தலைகாட்டியது. 1993இல் சீனாவிலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு ஜப்பானுக்குள் நுழைந்தது. 1994-95இல் ஆந்திரம், தமிழ்நாடு. 1999இல் பசிபிக்கைக் கடந்து ஈக்வடாரையும் படுக்க வைத்தது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, இறாலை விட்டுவைக்காது.

முதல் அடையாளம் செக் ட்ரேயில் தெரியும். போட்ட தீனி அப்படியே கிடக்கும். அடுத்து இறால்கள் கரையோரம் ஒதுங்கி, மேல்மட்டத்தில் சோர்ந்து நீந்தும். எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அதன்பின் மூன்று நாள் முதல் பத்து நாளுக்குள் குட்டை காலி. நோய் வந்த தண்ணீரை ஒருவர் வாய்க்காலில் திறந்துவிடுவார். பக்கத்துப் பண்ணையின் மோட்டார் அதையே உறிஞ்சும். செத்த இறாலைக் காக்கை தூக்கிக்கொண்டு போய் அடுத்த குட்டையில் போடும். கழிமுகத்து நண்டும் சும்மா இருக்காது. தனக்கு நோய் வராமலே வைரஸைச் சுமந்துகொண்டு கரை ஏறி வரும்.

வீட்டு நகையை வைத்துத் தீனி வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்த வருஷங்களில் நகைக் கடன் ஏல நோட்டீசில் கையெழுத்துப் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை.

இதே சமயத்தில் இன்னொரு முனையிலிருந்தும் அடி விழுந்தது. நிலமும் குடிநீரும் உப்பாகின்றன என்று காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை அகற்றும்படி 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் என் எண்ணம். அன்று வங்கியில் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியாது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகளுக்குப் பதிவு முறை ஏற்பட்டது.

தப்பிப் பிழைத்தவர்கள் பாடம் படித்தார்கள். நோய் வந்தபின் குட்டைக்குள் செய்வதற்கு ஒன்றுமில்லை, மருந்தே கிடையாது. வாசலிலேயே மறிக்க வேண்டும். அறுவடை முடிந்ததும் குட்டையை வெடிப்பு விடும்வரை காயப்போட்டார்கள். தண்ணீரைக் கடலிலிருந்து நேரே விடாமல் நெருக்கமான வலைப்பையில் வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, குளோரின் போகும்வரை சில நாள் காத்திருந்து, அதன்பிறகே குஞ்சு விட்டார்கள். குஞ்சு வாங்கும் முன் பி.சி.ஆர். சோதனைச் சீட்டைக் கேட்டார்கள். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் பேசிய அதே பி.சி.ஆர்.தான். மணமேல்குடிப் பக்கத்து இறால்காரர்களுக்கு அந்த வார்த்தை வெகு நாளைக்கு முன்பே பழக்கம்!

2009இல் வன்னாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. இதன் பூர்வீகம் லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரை. இதைத் தலைமுறையாக அடைப்பில் வளர்க்க முடியும் என்பதால், குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத தாய் இறாலை அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து விமானத்தில் வரவழைத்தார்கள். சென்னையில் இறங்கியதும் ஹேச்சரிக்குப் போக முடியாது. நீலாங்கரையில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நடத்தும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் அடைத்து, சோதித்து, அதன்பிறகுதான் வெளியே விடுவார்கள். ஆனால் பலர் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். கிருமி இல்லாத இறால் என்றால் நோயே வராத இறால் என்று பொருளல்ல. நண்டு உள்ளே வந்தால் வன்னாமிக்கும் வெள்ளைப்புள்ளி வரும், வந்தது.

அடுத்த பயணி இ.எச்.பி. என்ற ஒட்டுண்ணி. 2009இல் தாய்லாந்தில் பெயரிடப்பட்டு, சில ஆண்டுகளில் இங்கும் வந்து சேர்ந்தது. இது கொல்வதில்லை, வளரவிடாது. மூன்று மாதம் தீனி போட்டும் இறால் விரல் நீளத்தைத் தாண்டாது. தீனிச் செலவு ஏறிக்கொண்டே போகும், கிலோவுக்கு எண்ணிக்கை குறையாது. கொல்லாத நோயில்தான் நஷ்டம் அதிகம் என்று ஒரு பண்ணைக்காரர் சொன்னது நினைவிருக்கிறது. இது வரும் வழிகளில் ஒன்று, தாய் இறாலுக்கு ஊட்டத்துக்காக உயிரோடு கொடுக்கும் சேற்றுப் புழு. கண்ணாடித் தொட்டிக்காரர்கள் கல்லில் கண்டு பயப்படும் முள் புழுவுக்கு அது சொந்தக்காரன். இதன் வித்துகள் பிளீச்சிங் பவுடருக்கு லேசில் அசைவதில்லை. காய்ந்த குட்டையை உழுது ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு நனைக்கச் சொல்கிறார்கள். மண் அப்படிக் கொதித்தால்தான் சாகுமாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, இறால் குட்டைகளின் கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஆடு மாட்டைத் தடுக்க அல்ல, நண்டுக்கு. மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கயிறு காக்கைக்கு. வாசலில் கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர் வைத்த தொட்டி நம் காலுக்கு.