பெயரற்ற ஒரு கணம்

ஒரு கோப்பின் பெயரை மாற்றுவதில் அப்படி என்ன வரலாறு இருக்க முடியும் என்று நேயர்கள் வியக்கலாம். பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதினால் போதாதா? போதும். ஆனால், அடித்தற்கும் எழுதுதற்கும் இடையே ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தை ஒழிக்கவே கணிப்பொறி வல்லுநர் பல ஆண்டுகள் பாடுபட்டனர்.

1969-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அம்முறைமையில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்பின் அளவு, உரிமையாளர், வட்டில் அது இருக்குமிடம் ஆகியவை 'ஐநோடு' என்னும் குறிப்பில் அடங்கும். அக்குறிப்புக்கு ஓர் எண் உண்டு. கோப்பகம் என்பதோ, பெயரையும் எண்ணையும் இணைத்துக் காட்டும் பட்டியலே. ஆகவே, எத்துணைப் பெரிய கோப்பாயினும், பெயர் மாற்றப் பட்டியலைத் திருத்தினால் போதும்.

எனினும், பெயர் மாற்றத்துக்கெனத் தனி அழைப்பு எதுவும் தொடக்க யூனிக்ஸில் இல்லை. 'லிங்க்' என்ற அழைப்பு புதுப் பெயரைச் சேர்த்தது. 'அன்லிங்க்' என்ற அழைப்பு பழைய பெயரை நீக்கியது. 'எம்வி' என்னும் கட்டளை இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்தது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலும் இதுவே நிலை.

புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்குமாயின் இடர் தோன்றும். முதலில் அதை நீக்கினால்தான் லிங்க் அழைப்பு செல்லும். பயனாளர்களின் கடவுச்சொல் கோப்பைப் புதுப்பிப்பதாகக் கொள்வோம். பழையதை நீக்கிய அக்கணமே மின்சாரம் நின்றால் என்னாகும்? பொறி மீண்டும் இயங்கும்போது அப்பெயரில் கோப்பே இராது. புதிய கோப்பு வேறொரு தற்காலிகப் பெயரில் பத்திரமாக இருந்தும், அதைத் தேடுவார் இலர். பயனாளர் எவரும் உள்ளே நுழைய இயலாது.

1983-இல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி பதிப்பு இக்குறையைத் தீர்த்தது. அதில் 'ரீநேம்' என்ற ஒரே அழைப்பு இடம்பெற்றது. நடுவே பொறி நின்றாலும், புதுப் பெயரில் பழைய கோப்போ புதிய கோப்போ ஒன்று கட்டாயம் இருக்கும் என்பது அது தந்த உறுதி. ஒரு கோப்பகத்தை அதன் உட்கோப்பகத்துக்குள்ளேயே நகர்த்தவும் அது இடங்கொடுக்கவில்லை. கொடுத்தால், அக்கோப்பகத்தை அடைய வழியே இராதன்றோ? 1988-இல் வகுக்கப்பெற்ற 'போசிக்ஸ்' தரநெறியும் இவ்வழைப்பை ஏற்றுக்கொண்டது.

கதை அத்துடன் முடியவில்லை. லினக்ஸின் 'எக்ஸ்ட்4' கோப்பு முறைமையைப் பயன்படுத்தியோர் சிலர், 2009-இல் ஒரு புதுமையான இழப்பைக் கண்டனர். பெயர் மாற்றம் வட்டில் பதிந்துவிட்டது. கோப்பின் உள்ளடக்கமோ நினைவகத்திலேயே காத்திருந்தது. இடையில் பொறி நின்றபோது, சரியான பெயரில் வெறுங்கோப்பு எஞ்சியது. அவ்வாண்டிலேயே லினக்ஸைத் திருத்தி, இத்தகைய மாற்றத்தின்போது உள்ளடக்கமும் விரைந்து வட்டுக்குச் செல்லுமாறு செய்தனர். ஆயினும், நிரல் எழுதுவோர் அதை மட்டும் நம்பியிருத்தல் தகாது. உள்ளடக்கத்தை 'எஃப்சிங்க்' அழைப்பினால் வட்டில் பதித்த பின்னரே பெயரை மாற்றுதல் வேண்டும்.

பெயரைக் காக்கும் பொறுப்பை இயக்க முறைமை ஏற்றுக்கொண்டது. அப்பெயருக்குரிய பொருளைக் காக்கும் பொறுப்பு இன்னும் நிரல் எழுதுவோரிடமே இருக்கிறது.