மரக்கிளையில் நடந்த பாடம்: சேலம்–நாமக்கல் சமவெளியில் தனிப்பிள்ளைக் கல்வியின் வரலாறு

1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், கோழிப்பண்ணைகளுக்கும் லாரிகளுக்கும் பெயர்பெற்றது போலவே விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றது. பிளஸ் டூ மதிப்பெண்ணை நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை இங்குக் கொண்டுவந்து சேர்த்தனர். அப்பள்ளிகளின் முறை யாவரும் அறிந்ததே. விடியுமுன் எழுதல், ஒரே விடையைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தல், நாள்தோறும் தேர்வு. இதனால் உயர்ந்த குடும்பங்கள் பல. நம் சபைக் குடும்பங்களும் அவற்றுள் உண்டு. ஆயினும் இந்த ஓட்டத்தில் சேர இயலாத பிள்ளைகள் எக்காலத்தும் இருந்தனர். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் அல்லலுறும் பிள்ளை, ஓரிடத்தில் அரைமணி நேரம் அமரமாட்டாத பிள்ளை, பிறர் முகம் நோக்கிப் பேசத் தயங்கித் தன் உலகில் ஆழ்ந்திருக்கும் பிள்ளை ஆகியோரை நம் முன்னோர் மந்தமானவர், துடுக்கர், பித்தர் என்றெல்லாம் அழைத்தனர். மனித மூளைகள் ஒரே வகையின அல்ல என்னும் பொருளில் நரம்பியல் பன்மை என்னும் சொல் 1990களின் இறுதியில்தான் எழுந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தான் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் ஆட்டிசத்தையும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளையும் சேர்த்துள்ளது.

சட்டம் புதிது, சிக்கல் பழையது. இப்பகுதியின் கல்வி வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோமாயின், பிள்ளை பாடத்திற்கா, பாடம் பிள்ளைக்கா என்னும் கேள்வி மும்முறை எழுந்து மும்முறையும் வெவ்வேறு விடை பெற்றதைக் காணலாம்.

முதலாவது, திண்ணைப் பள்ளி. 1792 முதல் 1799 வரை பாராமகாலில், அதாவது பிற்காலச் சேலம் மாவட்டத்தின் வடபகுதியில், அலெக்சாண்டர் ரீடின் கீழ் வருவாய்த் துறையில் பணிபுரிந்த தாமஸ் மன்றோ, பின்னர்ச் சென்னை ஆளுநரானபோது 1822இல் மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் அவர் வெளியிட்ட குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவருள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளும் அங்கு இருந்தன. எனவே அதனைப் பொற்காலமாகப் புனைந்துரைக்கும் இன்றைய போக்கு எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அங்கு ஒரு நன்மை இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே பாடத்தைப் படிக்கவில்லை. மணலில் எழுதிப் பழகியவன் ஓலைக்குச் சென்றான். பழகாதவன் மணலிலேயே இருந்தான். ஆண்டிறுதியில் கூட்டமாக மேல்வகுப்புக்கு ஏற்றப்படுவதும் இல்லை, தேறாமல் நிறுத்தப்படுவதும் இல்லை. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்தான். பெல்லாரி மாவட்டத் தண்டல் நாயகர் கேம்பெல் 1823இல் தம் அறிக்கையில் இம்முறையைப் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார்.

அவர் சுட்டியது ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவரின் செயலை. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய பெல், மணலில் எழுதும் பழக்கத்தையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் கைக்கொண்டு, நாடு திரும்பி 1797இல் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது அங்குப் பரவிற்று. ஆனால் பரவும்போது அதன் உயிர் மாறிற்று. ஓர் ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் கற்பிக்கலாம் என்பதே அங்கு அதன் பெருமையாயிற்று. அவனவன் வேகத்தில் அவனவன் செல்லலாம் என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இரண்டாவது கட்டத்தை மிஷன் வரலாற்று நூல்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. 1827இல் ஹென்றி கிறிஸ்ப் சேலம் வந்தது முதல் லண்டன் மிஷனரி சங்கம் இங்குப் பள்ளிகளை நடத்தியது. 1860களில் சென்னை மாகாண அரசு தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்னும் முறையைப் புகுத்தியது. அரசின் ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறிய பிள்ளைக்கு இத்தனை ரூபாய் என்று மானியம் கணக்கிடப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இம்முறை கைவிடப்பட்டது. இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். சிற்றூரின் மண்சுவர்ப் பள்ளியில் உபாத்தியாயரின் வருவாயில் ஒரு பகுதி பிள்ளைகளின் வாயிலிருந்து வரும் விடைகளைப் பொறுத்தது. வாசிக்கத் திணறும் பிள்ளையோடு அவர் ஒரு மணி நேரம் செலவிட்டால் அது அவருடைய அடுப்புக்கு நட்டம். அன்பற்ற ஆசிரியர் என்று அவரைப் பழிப்பது எளிது. கணக்கே அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது. மதிப்பெண் விளம்பரத்தை நம்பி வாழும் பள்ளி ஒன்று தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையைப் பொதுத்தேர்வுக்கு முன்பே வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லும் இன்றைய வழக்கம் வானத்திலிருந்து குதித்ததன்று. பெயர் கூற விரும்பாத ஒரு விடுதிப் பள்ளியினின்று அவ்வாறு பத்தாம் வகுப்பின் நடுவில் திருப்பி அனுப்பப்பட்ட மகனோடு ஒரு தகப்பனார் என் வீட்டு வாசலில் நின்றதுண்டு.

மூன்றாவது, இதே மாவட்டத்தின் கிழக்கே எழுந்து நிற்கும் கொல்லிமலையில் நிகழ்ந்தது. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இந்தியா வந்தவர், கட்டடத்தொழில் அறிந்தவர். எவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879இல் பிறந்தவர், ஓவியம் தீட்டுபவர். 1913இல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்றே மழையில் மலையேறினர். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளோடு பேருந்துச் சாலை உள்ள அம்மலைக்கு அன்று கால்வழி மட்டுமே உண்டு. மலையாளி என்னும் மலைவாழ் மக்களிடையே அவர்கள் மருத்துவம் செய்தனர். எழுத்தோடு தச்சு முதலிய கைத்தொழில்களையும் கற்பிக்கும் பள்ளிகளை நடத்தினர்.

1914இல் அவர்களுக்குப் பிறந்த மகனே பின்னாளில் வேலூரில் புகழ்பெற்ற பால் பிராண்ட். சிறுவன் பாலுக்கு மேசைமுன் அமர்ந்து கற்பது ஒவ்வாததாயிற்று. பாடம் சொல்லித்தந்தவர் தாயார். அவர் பையனை நாற்காலியில் கட்டிவைக்கவில்லை. மரத்தின்மேல் ஏறியிருந்து படிக்க அனுமதித்தார். கிளையில் அமர்ந்து கணக்கை முடிப்பான். முடித்ததைக் கீழே அனுப்புவான். தாய் கீழிருந்து திருத்துவார். தந்தையின் பாடம் வேறுவகை. மலைப்பாதையில் நடக்கும்போது கறையான் புற்றைத் திறந்து உள்ளே நடக்கும் வேலையைக் காட்டுவார். தூக்கணாங்குருவியின் கூட்டைக் காட்டுவார். இவற்றைப் பால் பிராண்ட் முதுமையிலும் நன்றியோடு எழுதியுள்ளார்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது மரத்தை அன்று. தாயார் எதனை விட்டுக்கொடுத்தார், எதனை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையே. உட்காரும் இடத்தை விட்டுக்கொடுத்தார், கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. திருத்தாமலும் விடவில்லை. பிள்ளைக்கேற்ற கல்வி என்றவுடன் பாடத்தைக் குறைத்துவிடுவது, இரங்கித் தேர்ச்சி போடுவது என்று பலர் கருதுகின்றனர். அது இரக்கம் போலத் தோன்றும் கைவிடுதலே.

1923இல், ஒன்பது வயதில், பாலும் தங்கை கோனியும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். லண்டன் பள்ளியின் வகுப்பறை அவருக்கு இனிக்கவில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டுக் கட்டடத்தொழில் பயின்று, கற்கொத்தும் தச்சும் கற்றபின்னரே மருத்துவத்திற்கு வந்தார். 1946இல் வேலூர் சேர்ந்து, தொழுநோயால் மடங்கிய கைகளின் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை வளர்த்தார். ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். எவ்லின் 1974இல் 95ஆம் வயதில் மறையும்வரை மலைகளில் பணியாற்றி, கணவரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார்.

பால் பிராண்டுக்கு இன்றைய மருத்துவப் பெயர் எதனையும் ஒட்டுவது வரலாறு எழுதுவோன் செய்யத்தக்கதன்று. மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. அடங்காத பிள்ளை பெரிய மேதையானான் என்னும் கதை நம் பிரசங்கங்களில் மிக எளிதாக நுழைந்துவிடும். அதனைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயின் பிள்ளை மேதையாகாமல் போகலாம். பேசாமலே கூடப் போகலாம். அத்தாய்க்கு நாம் கூறவேண்டிய வரலாறு வேறு.

அவ்வரலாறு பிரான்சில் தொடங்குகிறது. 1800இல் அவேரோன் காட்டுப் பகுதியில் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுள்ள, பேச்சறியாத சிறுவன் ஒருவன் பிடிபட்டான். விக்டர் என்று அவனுக்குப் பெயரிட்டு, பாரிஸில் காதுகேளாதோர் நிறுவனத்தின் மருத்துவர் இட்டார் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஒரே மாணவனுக்கு ஒரே ஆசிரியராக இருந்து கற்பித்தார். சில சொற்களை எழுத்துகளால் அமைக்கும் அளவுக்கு விக்டர் தேறினான்; பேசவில்லை. இட்டார் மனம் சோர்ந்து அம்முயற்சியை நிறுத்தினார். அவனைச் சமைத்தூட்டி வளர்த்த கெரான் அம்மையாரோ நிறுத்தவில்லை. 1828இல் அவன் இறக்கும்வரை தம்மோடு வைத்துக் காத்தார். இட்டாரின் குறிப்புகளை அவர் மாணவர் செகான் விரித்து, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கையாலும் கண்ணாலும் கற்பிக்கும் முறையை 1846இல் நூலாக்கினார். அந்நூலைத் தம் கையால் இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதிக்கொண்டவர் மரியா மாண்டிசோரி. ரோமில் அத்தகைய பிள்ளைகளிடம் அவர் கண்ட பயனே 1907இல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திற்கு வித்தாயிற்று. அவரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து 300க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் 1946வரை இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் கற்பித்தார். இன்று நம் மழலையர் வகுப்புகளில் உள்ள உப்புத்தாள் எழுத்துகளும் மரக்கட்டைகளும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கென எழுந்தவை அல்ல. பேசமாட்டாத ஒருவனோடு ஒருவர் அமர்ந்திருந்த அறையிலிருந்து வந்தவை. தோல்வி என்று கைவிடப்பட்ட பாடம் அது.

நம் திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. அமிர்தசரஸில் 1887இல் ஆனி ஷார்ப்பும், பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையாரும் பார்வையற்றோருக்கும், அதே ஊரில் அடுத்த சில ஆண்டுகளில் சுவெய்ன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் கற்பிக்கத் தொடங்கினர். கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்த குறையைத் திருச்சபை விரைவில் கண்டுகொண்டது. வெளியே தெரியாத வேறுபாட்டைக் காண நெடுநாள் பிடித்தது. ஆட்டிசத்தைக் கான்னர் விவரித்ததே 1943இல்தான்.

ஒருவருக்கு ஒருவர் என்ற விகிதம் ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எங்ஙனம் கூடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1984இல் பெஞ்சமின் புளூம், தனியே கற்பிக்கப்பட்ட சராசரி மாணவன் வகுப்பில் கற்றவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சினான் என எழுதியபோதே இக்கேள்வி எழுந்தது. பிற்கால ஆய்வுகள் அத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை; பயன் உண்டு என்பதை மறுக்கவுமில்லை. கொல்லிமலைத் தாய்க்கு இரண்டு மாணவரே இருந்தனர் என்பதும் உண்மை. ஆயினும் இத்தகைய பிள்ளை ஒரு சபையில் ஐம்பது பேர் இல்லை. ஒருவரோ இருவரோ இருப்பர்.

ஆயர்கள் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று. டிஸ்லெக்சியா உள்ள மாணவர் உரிய சான்றிதழ் பெற்றால், தமிழகப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், விடையைச் சொல்ல எழுதுபவர், ஒரு மொழித்தாளினின்று விலக்கு ஆகிய சலுகைகளைப் பெறலாம். இதனை அறியாத பெற்றோர் நம் கிராமச் சபைகளில் மிகுதி. வீடு சந்திக்கும்போது ஆயர் கூறினாலன்றி அவர்களுக்கு வேறு யார் கூறுவர்?

இனித் திடப்படுத்தல் வகுப்பு. விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடமாக ஒப்புவிப்பதே தகுதி என்று நாம் நடத்திவரும் வழக்கம் மானிய ஆய்வாளரின் சோதனையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஒப்புவிக்க இயலாததால் இருபது வயதுவரை திருவிருந்தினின்று விலக்கி வைக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. நான் அறிந்த சேகரம் ஒன்றில் வேறு வழி கண்டனர். வகுப்பில் அமரமாட்டாத ஒரு பையனை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் இருமுறை ஆலயத்திற்கே அழைத்துச் சென்றார். ஞானஸ்நானத் தொட்டி, திருமேசை, தட்டு, கிண்ணம் என்று ஒவ்வொன்றையும் அவன் கையில் தந்து, அதனதன் பொருளைச் சிறு வாக்கியங்களில் கற்பித்தார். ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. பேராயர் வருமுன் ஆயர் அவனைச் சோதித்தபோது திருமேசையை ஒழுங்காக ஆயத்தம் செய்து காட்டினான். அப்பம் யாருக்கு என்று கேட்டதற்குத் தன்னையும், வாசலில் நின்ற தன் தாயையும் சுட்டினான். ஆயர் அவன் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டார்.