எழுத்துத் திரையில் இயங்கும் சித்திரம்

கணிப்பொறியோடு உறவாட இன்று சுட்டியும் தொடுதிரையும் உள்ளன. ஆயினும், கரிய திரையில் எழுத்துகளால் கட்டளையிட்டு வேலை வாங்கும் பழைய முறை மறைந்துவிடவில்லை. பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் கணிப்பொறித் தொழிலில் அமர்ந்துள்ள நம்மவர் பலருக்கு அக்கரிய திரையே அன்றாடத் தொழிற்களம். அதனை முனையம் என்கிறோம். அம்முனையத்தில் ஒரே வரியைத் தட்டி, ஜப்பானிய இயங்குசித்திரத் தொடர்களைக் கண்டு களிக்கும் வழக்கமும் இப்பொழுது உண்டு. அனி-சிஎல்ஐ என்னும் சிறு நிரல் இவ்வகையில் பெயர் பெற்றது. விளையாட்டாகத் தோன்றும் இச்செயலின் பின்னே இரண்டு வரலாறுகள் உள்ளன. இரண்டையும் 1963-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்கலாம்.

அவ்வாண்டில் அமெரிக்காவில் டெலிடைப் நிறுவனத்தின் 33-ஆம் மாதிரித் தொலைத்தட்டச்சுப் பொறி வெளிவந்தது. நொடிக்கு 10 எழுத்துகளைக் காகிதச் சுருளில் பதிக்கும் அப்பொறி, கணிப்பொறிகளோடு இணைக்கப்பட்டுத் தொடக்ககால முனையங்களுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டில், பெல் ஆய்வுக்கூடத்தில் கென் நோல்டன் என்பார், கணிப்பொறியைக் கொண்டே அசையும் படம் செய்வதற்காக பெஃப்ளிக்ஸ் என்னும் மொழியை வகுத்தார். சிறு சிறு புள்ளிகளை எட்டு நிலை வெளிச்ச வேறுபாட்டில் அடுக்கிப் படமாக்குவது அதன் முறை. எழுத்துப் பொறியும் இயங்கும் படமும் அன்று வெவ்வேறு பாதைகளில் சென்றன.

அவற்றைப் பின்னர் இணைத்த கருத்தும் பெல் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்தது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயில் வேண்டியபோது மற்றொரு துண்டைப் பொருத்திக்கொள்வதுபோல, ஒரு நிரலோடு மற்றொரு நிரலைப் பொருத்த வழி வேண்டும் என்று டக்ளஸ் மக்கில்ராய் 1964-இல் ஒரு குறிப்பில் எழுதினார். 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். 1973-இல் மக்கில்ராயின் குழாய் அதில் இடம் பெற்றது. ஒரு நிரல் தரும் விடையை அடுத்த நிரல் தன் மூலப்பொருளாக ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு பெரிய பணியையும் சிறு கருவிகள் பல கூடி முடித்துவிடலாம் என்பதே இதன் உட்பொருள்.

அனி-சிஎல்ஐ இம்மரபின் பிள்ளை. அது தானே படம் காட்டுவதில்லை. படம் எதனையும் தன்னுள் சேர்த்து வைத்திருப்பதுமில்லை. தொடரின் பெயரை நாம் தட்டியவுடன், கர்ல் என்னும் கருவி இணையத்திலிருந்து பக்கத்தைக் கொணர்கிறது. செட் என்னும் கருவி அதிலிருந்து வேண்டியவற்றைப் பிரித்தெடுக்கிறது. வேறொரு கருவி அவற்றைப் பட்டியலாக நம்முன் வைக்கிறது. எத்தனையாம் பகுதி என்று நாம் தேர்ந்தவுடன், எம்பிவி என்னும் இயக்கி படத்தை ஓட்டுகிறது. இவற்றுள் செட் 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்திலேயே தோன்றியது. அரை நூற்றாண்டு கடந்த கருவி, நேற்று வெளிவந்த சித்திரத்தைத் தேடித் தருகிறது.

படம் பெரும்பாலும் தனிச் சாளரத்திலேயே ஓடும். எழுத்துகளையே படமாக்கிக் காணவும் வழியுண்டு. 1997-இல் செக் நாட்டின் யான் ஹுபிச்கா வகுத்த ஏஏலிப் என்னும் நிரல்தொகுப்பு, படத்தின் ஒளியையும் நிழலையும் எழுத்துகளாக மாற்றியது. பின்னர் வந்த லிப்காகா அதற்கு வண்ணமும் சேர்த்தது. அதே 1997-இல் நியூசிலாந்தின் சைமன் ஜான்சன், ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தை எழுத்துகளாலேயே சட்டம் சட்டமாகக் கையால் அமைக்கத் தொடங்கினார். பல ஆண்டு உழைப்பு அது.

இனி மற்றொரு வரலாறு. 1963 ஜனவரி முதல் நாள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒசாமு தெசூகாவின் 'தெத்சுவான் ஆத்தோமு' அரங்கேறியது. வாரந்தோறும் அரை மணி நேரச் சித்திரம் தருவது எளிதன்று. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு படம் வரைந்தால் காலமும் பொருளும் போதா. ஆதலால், மூன்று சட்டத்துக்கு ஒரு படமாக, நொடிக்கு எட்டே படங்களால் அசைவைக் காட்டினர். வாய் மட்டும் அசையும்; வரைந்த காட்சியே மீண்டும் பயன்படும். சிக்கனத்திலிருந்து ஒரு கலைமுறை பிறந்தது.

ஆயின், அச்சிக்கனத்துக்கு விலையும் இருந்தது. தெசூகா தம் தொடரைத் தயாரிப்புச் செலவினும் குறைந்த விலைக்கே தந்தார். அதுவே பின்வந்தோர்க்கும் அளவுகோலாகி, தொழில் முழுவதையும் வறுமையில் ஆழ்த்தியது என ஹயாவோ மியாசாகி 1989-இல் குறைகூறினார். முழுப் பழியையும் ஒருவர்மேல் சுமத்துதல் சரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இடைப்படங்களை வரையும் இளங்கலைஞர் பலர், படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் சிறு கூலி பெறுவதோ மறுக்க முடியாத உண்மை.

இவ்விரு வரலாறுகளும் நம் முனையத்தில் சந்திக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அனி-சிஎல்ஐ படங்களைப் பெறும் தளங்கள் உரிமையாளரின் இசைவு பெற்றவை அல்ல. அவ்வழியே பார்க்கும் படத்துக்கு வரைந்தவர் கைக்கு ஒரு காசும் செல்வதில்லை. இதற்காகக் கருவியையே பழிப்பதும் முறையன்று. காணொளிகளை இறக்கித் தரும் யூடியூப்-டிஎல் என்னும் நிரல், அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற்சங்கத்தின் முறையீட்டால் 2020 அக்டோபரில் கிட்ஹப் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. தக்க பயன்கள் பல அதற்குண்டு என்று எடுத்துக்காட்டப்பட்டபின், நவம்பரில் மீண்டும் இடம் பெற்றது. எம்பிவியையும் கர்லையும் உரிமையுள்ள படங்களுக்கும் நம் சொந்தக் காணொளிகளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

குழாய் குற்றமற்றது, எந்த நீரையும் அது கொண்டுவரும். அந்நீர் யார் தோண்டிய ஊற்றிலிருந்து வருகிறது, தோண்டியவர்க்கு உரியது சென்று சேர்ந்ததா என்று கேட்க வேண்டியவர் குழாயைத் திறக்கும் நாமே. ஒரு வரிக் கட்டளையின் எளிமை அக்கேள்வியை நம்மிடமிருந்து மறைத்துவிடலாகாது.